வண்டி இல்லாதவனுக்கு ஒரு காப்பீடு

மில்லியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையின் மூன்றாவது மாடி. கட்டிலை ஜன்னலோரமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். அங்கே எங்கள் பச்சைப் பிக்கப் ஒரு கோட்டின்மேல் ஏறி, இரண்டு வண்டிகளுக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"எமில், அது யாரு நிறுத்தின வண்டி?"

"நம்ம வண்டிதான்."

"நம்ம வண்டின்னு எனக்குத் தெரியும். யாரு நிறுத்தினதுன்னு கேட்டேன்."

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"இன்னொருத்தர் எங்க நிறுத்துவாங்க? கீழ போ. ஒழுங்கா நிறுத்திட்டு வா."

போனேன். நாற்பத்தேழு வருடப் பழக்கம். மூன்று முறை பின்னுக்கு எடுத்து, மூன்று முறை முன்னுக்கு விட்டு, இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் நிறுத்தினேன். மேலே வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள் என்று நர்ஸ் சொன்னாள். மூன்றாவது முயற்சியைப் பார்த்தாளா, இரண்டாவதிலேயே நம்பிக்கை இழந்தாளா, எனக்குத் தெரியாது.

உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. அந்தப் பிக்கப் எப்படி என்னுடையதாக இல்லாமல் போனது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பத்து வருடம் பின்னால் போக வேண்டும். 1994. நெப்ராஸ்காவில் எங்கள் பண்ணை வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு வர முக்கால் மைல் மண்பாதை. மாடுகள் வெளியே போகாமலிருக்க வழியில் மூன்று கேட்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் சட்டம். வண்டி ஓட்டுகிறவர் இறங்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டி போனபின் மூடி, ஓடிவந்து ஏற வேண்டும். மழையோ, பனியோ, முழங்கால் சேறோ.

எங்கள் வண்டியை ஓட்டுகிறவன் நான். முப்பத்தேழு வருடம் மில்லி இறங்கித் திறந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானிலை பற்றிக் கருத்துச் சொன்னேன்.

வீட்டில் மற்ற அதிகாரமெல்லாம் அவளுடையது. காகிதம், பணம், மாட்டு வைத்தியர், மாதா கோவில், என் தலைமுடியின் நீளம், எல்லாம். எனக்கென்று இருந்தது அந்த ஓர் இருக்கைதான். ராஜாவுக்குச் சிம்மாசனம் எப்படியோ, எனக்கு அந்தக் கிழிந்த ரெக்சின் சீட்.

அந்த வருடம் வசந்தகாலத்தில் எனக்கு ஓர் ஆண்மை பிறந்தது. காபிக் கோப்பையை மேசைமேல் டொக்கென்று வைத்தேன்.

"மில்லி, வீட்டுப் பொறுப்பெல்லாம் நீயே சுமக்கறே. பாக்க எனக்குச் சங்கடமா இருக்கு. இனிமே வண்டி இன்சூரன்ஸ் என் பொறுப்பு."

"உன் பொறுப்பா?"

"என் பொறுப்பு."

அவள் உறையை எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு காகிதம், எமில். வருஷத்துக்கு ரெண்டே தடவை."

"என்னவோ கைக்குழந்தையைக் குடுக்கற மாதிரி குடுக்கறியே."

"கைக்குழந்தைன்னா அழுது ஞாபகப்படுத்தும்," என்றாள்.

உறையைப் பத்திரமாக வைத்தேன். மிகப் பத்திரமாக. விதைக் கம்பெனியின் புத்தகத்தில், தக்காளிப் பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்தேன். அந்த வருடம் தக்காளி பிரமாதமாக வந்தது. ஜூன் மாதம், பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். லைசென்ஸைக் காட்டினேன். இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் குபிசெக், இது ஏப்ரல்லயே செத்துப்போச்சு."

சில நாளில் அரசாங்கக் கடிதம் வந்தது. நல்லவேளை, தபால்பெட்டி மூன்றாவது கேட்டுக்கும் அப்பால், தார்ச்சாலையோரம். தபால்காரர் போன மறுநிமிடம் நான் அங்கே நின்றேன். கடிதத்தின் சாரம் இதுதான்: உன் லைசென்ஸ் முடக்கப்பட்டது. திரும்ப வேண்டுமானால் ஒரு காப்பீட்டுக் கம்பெனி உனக்காக எஸ்.ஆர்.-22 என்ற சான்றை எங்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஆள் மூன்று வருடம் காப்பீடு இல்லாமல் இருக்கமாட்டான் என்று அது சொல்ல வேண்டும்.

அதாவது என் ஒழுக்கத்துக்கு ஒரு கம்பெனி ஜாமீன் நிற்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில்.

மில்லியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? லைசென்ஸ் வரும்வரை அவள் ஓட்டுவாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது, வருடாவருடம் தூசு தட்டி வைத்திருந்தாள். அவள் ஓட்டினால் கேட்டை யார் திறப்பது? இந்த இடத்தில் என் யோசனை நின்றுவிட்டது. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, பக்கத்துப் பண்ணை லம்பர்ட்டிடம் போனேன்.

லம்பர்ட் ஆறடி மூன்று அங்குலம். தொப்பியோடு ஆறடி எட்டு. ஊரில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க ஒரு வழி வைத்திருப்பான். கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"எமில், வண்டி இருக்கறவனுக்கு இந்தச் சான்று வாங்க ஏகப்பட்டது ஆகும். வண்டியே இல்லாதவனுக்குன்னு தனியா ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. சல்லிசு. என் மச்சான் எடுத்தான்."

"வண்டி இல்லாதவன் எதுக்குய்யா இன்சூரன்ஸ் எடுக்கணும்?"

"லைசென்ஸுக்கு. அடுத்தவன் வண்டிய ஓட்டறப்ப காப்பாத்தும். அதுலயே அந்த இருபத்திரண்டு நம்பர் சான்றும் குடுப்பான்."

"எனக்குத்தான் வண்டி இருக்கே."

"இருக்குதானே? இல்லாம பண்ணு."

"விக்கச் சொல்றியா? யாருக்கு?"

லம்பர்ட் கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தான். "இங்க ஒருத்தன் சும்மாதான் நிக்கறான்."

திட்டம் பளிங்கு மாதிரி இருந்தது. வண்டியை லம்பர்ட்டுக்கு ஒரு டாலருக்கு விற்பது. வண்டியில்லாத பரதேசியாகப் போய்க் காப்பீடு எடுப்பது. சான்று போனதும் லைசென்ஸ் வரும். வந்ததும் அதே ஒரு டாலருக்கு வண்டியைத் திரும்ப வாங்குவது. மில்லிக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். லம்பர்ட் டாலரை என் கையில் வைத்து, கையைக் குலுக்கி, என் வண்டியைத் தன் கொட்டகைக்குள் விட்டான்.

வீட்டில் மில்லி சமையல் மேசையில் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்க?"

"லம்பர்ட் கொட்டகையில. கியர்பாக்ஸ் போச்சு."

"நேத்து நல்லா இருந்துச்சே."

"கியர்பாக்ஸ் அப்படித்தான். சொல்லிட்டுப் போகாது."

"ஆமா. சில பேர் மாதிரி," என்று அவள் மாவைத் திருப்பிப் போட்டாள்.

நான் அதைக் கவனிக்கவில்லை. என் மூளை முழுவதும் வெற்றி நிரம்பியிருந்தது.

காப்பீட்டு அலுவலகம் பதினோரு மைல் தள்ளி, மாவட்டத் தலைநகரில். லம்பர்ட் தன் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை அவனுக்கு டவுனில் வேறு வேலை வந்துவிட்டது. புதன்கிழமை வேறு யாரோ முக்கியமான ஆள் வருகிறார் என்றான். எனக்குப் பொறுமை போயிற்று. மில்லி காலையிலேயே மேய்ச்சல் நிலத்தின் பக்கம் போயிருந்தாள். உடம்புக்கு நல்லது, நடந்துவிட்டு வருகிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு மத்தியானம் புறப்பட்டேன்.

என் வாழ்க்கையின் பெரிய தவறு அது. எங்கள் மாவட்டத்தில் யாரும் நடப்பதில்லை. தபால்பெட்டிக்குமேல் நடந்தால் அது செய்தி. சாலையோரம் ஒருவன் நடந்தால் அவன் வண்டி கெட்டிருக்க வேண்டும், இல்லை மூளை கெட்டிருக்க வேண்டும். முதல் மைலுக்குள் நான்கு வண்டிகள் நின்றன. நான்கும் எங்கள் வீட்டுப் பக்கமாகப் போகிறவை.

"எமில்! வண்டி என்னாச்சு?"

முதலாமவரிடம் கியர்பாக்ஸ் என்றேன். இரண்டாமவரிடம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். மூன்றாமவரிடம் பறவை பார்க்கிறேன் என்றேன். நான்காமவர் பாதிரியார். அவரிடம் பொய் சொல்ல முடியாமல், "எல்லாம் நல்லபடியா இருக்கு, ஃபாதர்," என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அப்போதுதான் எதிரே அது வந்தது. என் வண்டி. பச்சை நிறம், இடது பக்கம் நசுங்கிய பம்பர்.

எங்கள் சாலைகளில் எதிரே வருகிற எந்த வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை ஒன்று தூக்குவோம். வணக்கம் அதுதான். பிக்கப் என்னைக் கடக்கும்போது ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் ஒரு விரல் எழுந்தது. நானும் பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கினேன். வண்டி போய்விட்டது.

பிறகுதான் உறைத்தது. லம்பர்ட் ஓட்டினால் தொப்பி கூரையில் இடிக்கும். இதில் தொப்பியும் இல்லை, தலையும் இல்லை. விரல் மட்டும்தான் இருந்தது.

காப்பீட்டை மறந்து, வந்த வழியே லம்பர்ட் வீட்டுக்கு ஓடினேன். வண்டி கொட்டகையில் நின்றது. எஞ்சின்மேல் கை வைத்தேன். சுட்டது. லம்பர்ட் வாசற்படியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என் வண்டிய யாரு ஓட்டினது?"

"உன் வண்டியா? எது உன் வண்டி?"

"விளையாடாத லம்பர்ட். சீட்ல ஆளே இல்ல. விரல் மட்டும் வந்துச்சு."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"அதான் விரல் தெரிஞ்சிருக்கு. போடலன்னா அதுவும் தெரிஞ்சிருக்காது. வெயில்ல நடக்காத எமில், இந்த வயசுல."

அவன் மீசையில் கறுப்பாகக் கசகசா ஒட்டியிருந்தது. செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் வம்சத்துப் பெண்கள் எல்லாரும் கசகசா வைத்துக் கொலாச் ரொட்டி சுடுவார்கள். அதனால் அதையும் நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மில்லி டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பேரு போன் பண்ணாங்க. உனக்கு உடம்பு சரியில்லையான்னு ரெண்டு பேரு. என்கூடச் சண்டையான்னு ஒருத்தர். பாதிரியார் மட்டும் எதுவும் கேக்கல, உனக்காக ஜெபம் பண்றதாச் சொன்னார்."

"பறவை பாக்கப் போனேன்."

"எந்தப் பறவை?"

"குருவி."

"சரி," என்றாள். அவ்வளவுதான். நான் சோபாவில் சாய்ந்தேன். ஒரு பக்கம் பள்ளமாக இறங்கியது. எனக்கு எடை கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை லம்பர்ட் ஒருவழியாகக் கூட்டிப்போனான். வழிநெடுக விசிலடித்தான். முப்பது வருடத்தில் அவன் விசிலடித்து நான் கேட்டதில்லை. அலுவலக வாசலில் என்னை இறக்கிவிட்டு, "ஆண்டவன் உன்கூட இருக்கட்டும்," என்று சொல்லிப் போய்விட்டான். திரும்ப எப்படி வருவேன் என்று கேட்பதற்குள் கார் மறைந்தது.

காப்பீட்டு அலுவலகத்தில் ராக்ஸான் என்ற பெண்மணி. மேசைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு மூடிபோட்ட தட்டு.

"சொல்லுங்க, மிஸ்டர் குபிசெக்."

"எனக்கு வண்டி இல்லாதவங்க எடுக்கற இன்சூரன்ஸ் வேணும். அந்த இருபத்திரண்டு நம்பர் சான்றோட."

"உங்களுக்கு வண்டி இல்லையா?"

"இல்லைங்க." குரலில் கொஞ்சம் சோகம் சேர்த்தேன். "வித்துட்டேன்."

"வீட்டுல வேற யாருக்காவது வண்டி இருக்கா? ஒரே வீட்டுல வண்டி இருந்தா இது எடுக்க முடியாது."

"வீட்டுல நானும் என் மனைவியும்தான். அவ வண்டியே ஓட்டறதில்ல, பாவம்."

ராக்ஸான் தட்டச்சுச் செய்தாள். திரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க விலாசத்துல ஒரு பச்சை நிறப் பிக்கப் இருக்கே?"

"அதைத்தாம்மா வித்தேன். லம்பர்ட்டுக்கு."

"ஆமா. திங்கட்கிழமை அவர் வாங்கியிருக்கார். செவ்வாய்க்கிழமை வித்துட்டார்."

"வித்துட்டானா! யாருக்கு?"

"லுட்மிலா குபிசெக்."

அந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. மில்லியின் முழுப்பெயர் அது. கல்யாணத்தில் பாதிரியார் ஒருமுறை சொன்னார்.

"புதன்கிழமை காலைல வந்து வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்தாங்க. நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலில," என்று ராக்ஸான் தட்டின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். "கொலாச் எடுத்துக்கங்க. அவங்க குடுத்தது. கசகசா."

நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப நான் என்னம்மா பண்றது?"

"சுலபம். அவங்க இன்சூரன்ஸ்லயே உங்களை இன்னொரு ஓட்டுநரா சேர்த்துட்டா சான்று இன்னிக்கே அனுப்பிடலாம். ஆனா சொந்தக்காரங்க கையெழுத்துப் போடணும்."

வெளியே ஹாரன் அடித்தது. என் ஹாரன். ஒரு மைல் தூரத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சைப் பிக்கப் இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில், அளந்து வைத்தது போல் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் எங்கள் வீட்டுச் சோபாவின் மெத்தை. அதன்மேல் மில்லி.

உள்ளே வந்தாள். ராக்ஸானுக்கு வணக்கம் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இவரைச் சேர்க்கணுமா மிஸஸ் குபிசெக்?"

"நல்லா ஓட்டுவாரா?" என்று மில்லி கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் சரியாத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருக்கறப்ப பாதி நேரம் நான் கேட்டைத் திறந்துட்டிருப்பேன்." கையெழுத்துப் போட்டாள்.

வீடு திரும்பும்போது நான் வலதுபக்கம், கேட் திறக்கிறவர் சீட்டில், உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் விரிசல் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து மைல் போனோம். எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் மில்லி விரலைத் தூக்கினாள்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"பின்விளக்குக்கு உன்னை நிறுத்தின அன்னிக்கே. அந்தப் போலீஸ்காரனோட அம்மா என்கூடச் சீட்டு விளையாடறவ."

"அப்ப ஏன் கேக்கல?"

"இருபத்தாறு நாள் காத்திருந்தேன், எமில். தினம் காலைல காபி ஊத்தறப்ப, இன்னிக்குச் சொல்லுவான்னு நினைப்பேன். நீ தக்காளியைப் பத்திச் சொல்லுவே."

"லம்பர்ட்டு எப்படி ஒத்துக்கிட்டான்?"

"ஒரு தட்டு கொலாச் கொண்டுபோனேன். மூணாவதுக்கு எல்லாத்தையும் சொன்னான். ஆறாவதுக்குக் கையெழுத்துப் போட்டான்."

"கோபமா இருக்கியா?"

"இருந்தேன். ஓட்ட ஆரம்பிச்சதும் போயிடுச்சு." மெத்தையில் கொஞ்சம் எம்பி உட்கார்ந்துகொண்டாள். முகமெல்லாம் வெளிச்சம். "இந்த சீட்லேருந்து எவ்வளவு தூரம் தெரியுது! முப்பத்தேழு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி குலுங்கிற்று, பாதி சாலையால், பாதி எங்களால்.

முதல் கேட் வந்தது. வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தாள்.

"மேக்க கருத்திருக்கு. மழை வரும் போல," என்றாள்.

நான் இறங்கினேன்.

லைசென்ஸ் இரண்டு வாரத்தில் வந்தது. அதைப் பணப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் கேட் திறந்தேன். சான்றின் கெடு முடிந்த அன்று தலைவாரி, சட்டை மாற்றி, ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றேன்.

"மில்லி, இன்னியோட மூணு வருஷம் முடிஞ்சது."

"சந்தோஷம். ராக்ஸானுக்கு ஒரு தட்டு கொலாச் அனுப்பணும்."

"அப்ப இந்த சீட்டு?"

"வண்டி யாரு பேர்ல இருக்கு?"

நான் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போனேன். இன்னும் ஏழு வருடம் அப்படியே போயிற்று. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபிறகுதான், மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிப்போக, நான் மறுபடி அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். பத்து வருடம் ஓட்டாதவன் எப்படி நிறுத்துவான்? கோட்டின்மேல்தான் நிறுத்துவான்.

அடக்கம் முடிந்து மூன்று வாரத்தில், வண்டியை என் பெயருக்கு மாற்ற மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் உரிமைப் பத்திரத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மிஸ்டர் குபிசெக், தனக்கு அப்புறம் வண்டி யாருக்குன்னு உங்க மனைவி இதுலயே பதிவு பண்ணியிருக்காங்க."

"ஆமா, எனக்கு."

"இல்லைங்க. அடலைன்னு ஒருத்தருக்கு."

அடலைன் மில்லியின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து நான்கு மைல். தனிக்கட்டை. என் கல்யாணத்தன்றே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்காவிடம், "இன்னும் நேரம் இருக்கு," என்று சொன்னவள். அன்று மாலையே சாவிக்காக வந்து நின்றாள்.

"அடலைன், உனக்குத்தான் ரெண்டு கார் இருக்கே. இந்தப் பழைய பிக்கப் எதுக்கு?"

"எனக்கென்ன ஆசையா? உன்கிட்ட இருந்தா நீ வீட்டுக்குள்ளயே கிடப்ப, வண்டி கொட்டகையில கிடக்கும்னு மில்லி சொன்னா. என்கிட்ட இருந்தா ஞாயித்துக்கிழமை உன்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போக நான் வந்தாகணும். அப்புறம் சீட்டாட்டம், சாப்பாடு. எல்லாம் எழுதியே குடுத்திருக்கா. உன் சமையலறையையும் எட்டிப் பாக்கணுமாம்."

"வழியில நான் கொஞ்சம் ஓட்டலாமா?"

"காகிதம் இருக்கா?"

ராக்ஸானுக்கு இப்போது தலை நரைத்திருக்கிறது. என் விலாசத்தைத் தட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை ஒரு வண்டியும் வரவில்லை. வண்டி இல்லாதவனுக்கான காப்பீட்டை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் நான் அவ்வளவு பாடுபட்டும் கிடைக்காத காகிதம். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அடலைன் அதை வாங்கி, இருபுறமும் படித்து, திருப்பிக் கொடுத்தாள். சாவியைத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்குத் தார்ச்சாலையில் ஹாரன் கேட்கும். அங்கேயே வந்து ஏறிக்கொள்கிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். வண்டி வாசல்வரை வந்து என்னை ஏற்ற வேண்டும் என்று மில்லி எழுதியிருக்கிறாளாம். ஓட்டுகிறவள் இறங்கமாட்டாள், ஆகவே கேட் திறந்துவிட நான் தார்ச்சாலைவரை நடந்துபோகிறேன். வண்டி வர மூன்று கேட், போக மூன்று கேட்.